சோற்றுக்கு ஆள் உண்டு, தண்ணீருக்கு?

வராந்தாவின் கோடியில் ஒரு சிமெண்ட் மேடை. அதன்மேல் பளபளவென்று எவர்சில்வர் உடம்போடு ஒரு குடிநீர் இயந்திரம். நெற்றியில் வழங்கியவர் பெயர், திறந்துவைத்தவர் பெயர், நாள், மாதம், வருடம் எல்லாம் இருக்கின்றன. ஒயரை மட்டும் சுருட்டி இயந்திரத்தின் தலையிலேயே வைத்துவிட்டார்கள். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் அதைத் தாண்டி ஓடுகிறார்கள். கை கழுவும் குழாயில் உள்ளங்கையைக் குவித்து நாலு மிடறு குடித்துவிட்டு, சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்புகிறார்கள். நகரத்து ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்குப் போய்வருகிற யாருக்கும் இது புதிய காட்சி இல்லை.

கணக்கெடுப்புப் படிவத்தில் இந்தப் பள்ளிக்கும் ‘குடிநீர் வசதி உண்டு’தான். ‘யுடைஸ்’ எனப்படும் அரசின் பள்ளிக் கணக்கெடுப்பின் 2023-24 அறிக்கைப்படி, நாட்டில் ஏறத்தாழ 98 விழுக்காடு பள்ளிகளில் குடிநீர் வசதி இருக்கிறது. அது பொய்யும் இல்லை. குழாய் இருக்கத்தானே செய்கிறது? ஆனால், அதில் வருவதைப் பிள்ளைக்கு நம்பிக் கொடுக்கலாமா என்பது அந்த 98-ஐப் பார்த்துத் தெரியாது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பான, போதுமான குடிநீர் வேண்டும் என்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் வந்தாயிற்று, தீர்ப்பும் வந்தாயிற்று, இயந்திரமும் வந்து இறங்கிவிட்டது. ஆள்தான் வரவில்லை.

சென்னை இதற்கான பாடத்தை வெளியூரில் தேட வேண்டாம். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது அன்றைய கணக்கு. பிறகு காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய காலை உணவு என்று அது வளர்ந்தது. இடையில் அணைந்ததும் உண்டு, ஆனால் பெயரும் ஆட்சியும் மாறினாலும் அடுப்பு மறுபடி எரிந்தது. நல்ல மனது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. சத்துணவுக்கு அமைப்பாளர் உண்டு, சமையலர் உண்டு, உதவியாளர் உண்டு. அரிசிக்கும் முட்டைக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. ஒரு நாள் சோறு வேகவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

தண்ணீரின் கதை வேறு. மோட்டார் போடுவது வாட்ச்மேன். அவர் வராத அன்று எட்டாம் வகுப்புப் பையன். சம்பு கழுவுவது யார் என்றால், “ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவாங்க” என்று பதில் வரும். ஃபில்டர் மாற்ற கம்பெனிக்காரருக்கு போன் போட வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தமோ முடிந்து மாதக்கணக்காகியிருக்கும். கடைசியில் தலைமையாசிரியர் தன் பணப்பையைத் திறப்பார், அல்லது பேசாமல் இருந்துவிடுவார்.

இத்தனைக்கும் தண்ணீர் கெடுவது பெரும்பாலும் ஏரியில் அல்ல, சுத்திகரிப்பு நிலையத்திலும் அல்ல. அங்கிருந்து வருகிற வழியில். 1914 முதல் இயங்கும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையமானாலும், பிற்காலத்துப் புழல், செம்பரம்பாக்கம் நிலையங்களானாலும் தண்ணீர் குளோரின் கலந்துதான் கிளம்புகிறது. நாள் முழுக்க அழுத்தத்தோடு ஓடாத குழாயில்தான் வம்பு தொடங்குகிறது. தண்ணீர் நின்றதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, விரிசல்களின் வழியே பக்கத்துச் சாக்கடைக் கசிவைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி தண்ணீர் விடும்போது முதல் குடம் மஞ்சளாக, வாடையோடு வரும். வீடுகளில் அதைப் பிடித்து வாசலில் கொட்டிவிட்டு இரண்டாவது குடத்தைத்தான் உள்ளே கொண்டுபோவார்கள். பள்ளியில் அந்த முதல் குடமும் நேரே சம்புக்குள் இறங்குகிறது. விடியற்காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் கேட் பூட்டியிருக்கும். பார்க்க யார் இருக்கிறார்கள்?

சம்பு மூடி ஒருபக்கம் உடைந்திருக்கும். மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியின் மூடி எந்தப் புயலில் பறந்ததோ, யாருக்கும் நினைவிருக்காது. இலையும் தூசும் பறவை எச்சமும் விழ விழ, குளோரின் அவற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்தைக் கலந்தால் நிறம் காட்டிவிடும். ஒரு நிமிட வேலை. மலக்கிருமி கலந்திருந்தால் கறுத்துவிடும் இன்னொரு குப்பியும் உண்டு. அந்தச் சோதனையை 1982-இல் உலகுக்குச் சொன்னவர்கள் இந்திய ஆய்வாளர்கள்தான். ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் பிள்ளைகளைக் கொண்டே இரண்டையும் செய்துவிடலாம், பாடம் நடத்தியதாகவும் ஆயிற்று.

இதையெல்லாம் விட்டுவிட்டு ‘ஆர்.ஓ. மிஷின்’ ஒன்றை வாங்கி வைப்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். புகைப்படம் எடுக்க வசதியான பொருள் அல்லவா! உப்பு மிகுந்த நிலத்தடி நீரை மட்டுமே நம்பியிருக்கும் பள்ளிக்கு அது தேவைதான். உப்பு குறைவாக உள்ள மெட்ரோ வாட்டரை அதில் விட்டால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமாகச் சாக்கடைக்குப் போகும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இந்த இயந்திரங்களுக்குத் தடை வேண்டும் என்று 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் இதனால்தான். போதாததற்கு, இயந்திரம் குளோரினையும் நீக்கிவிடும். சுத்தம் செய்த தண்ணீரை அழுக்குத் தொட்டியில் தேக்கினால், கிருமியைத் தடுக்க அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கிராமப் பள்ளிகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க 2020 அக்டோபர் 2 அன்று ஜல் ஜீவன் திட்டத்தில் நூறு நாள் இயக்கம் என்று ஒன்று தொடங்கியது. அது ஊரகத் திட்டம். மாநகரப் பள்ளிகள் அதன் கணக்கில் வரவில்லை. பட்டணத்தில் குழாய் இல்லாமலா போய்விடும் என்ற நினைப்பு நமக்கு இன்னும் போகவில்லை.

சுகாதாரக் கல்வியிலும் புகைப்படத்தோடு நின்றுவிடும் இதே கோளாறுதான். ஆண்டுதோறும் அக்டோபர் 15 கை கழுவும் நாள். அன்று வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள். மறுநாள் சோப்பு பீரோவுக்குள் போய்விடும். வெளியே வைத்தால் காணாமல் போகிறது என்று ஆசிரியர்கள் சொல்வதும் உண்மைதான். வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டலாம். இல்லையென்றால் பழைய தண்ணீர் பாட்டிலில் சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் ஓட்டை போட்டு வைக்கலாம். கரைசலை யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போகப் போவதில்லை.

கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வீடுகளுக்குச் சோப்பு கொடுத்து, வாரந்தோறும் போய்ப் பேசிவந்த இடங்களில், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் வயிற்றுப்போக்கு 53 விழுக்காடு குறைந்திருந்தது. கிருமிநாசினி சோப்பும் சாதா சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன. விளம்பரக்காரர்களுக்கு இது பிடிக்காது. மேற்குக் கென்யப் பள்ளிகளிலிருந்து 2012-இல் வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. புதுக் கழிப்பறை கட்டிக் கொடுத்த பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் கைகளில் மலக்கிருமி கூடியிருந்தது. கழிப்பறைக்குப் போவது அதிகமாகியிருக்கலாம். சுத்தம் செய்துகொள்ளத் தேவையானவை கூடவே வந்து சேராமல் இருந்திருக்கலாம்.

2019-இல் கேரளப் பள்ளிகளில், பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ‘தண்ணீர் மணி’ அடிக்கத் தொடங்கினார்கள். 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால், கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, பக்கெட்டில் தண்ணீர் இல்லை என்றால், எத்தனை மணி அடித்தாலும் பெண் பிள்ளைகள் பாட்டிலைத் திறக்க மாட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை அடக்கிவைத்து, சிறுநீர்த் தொற்றோடு மருத்துவமனைக்குப் போவதும் அவர்கள்தான்.

மாநகராட்சி செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. நான்கைந்து பள்ளிகளுக்கு ஒருவர் என்று தண்ணீருக்கென்றே ஆள் போட வேண்டும். கழிப்பறை கழுவும் வேலையையும் அவர் தலையில் கட்டக் கூடாது. கையில் குளோரின் குப்பி, சம்புக்கும் தொட்டிக்கும் சாவி, ஒரு நோட்டு. சத்துணவுக் கணக்கைப் போல அந்த நோட்டையும் மாதம் ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழு பார்க்க வேண்டும். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். முதல் குடத்தை வாசலில் கொட்டிப் பழகியவர்கள் அவர்கள். நோட்டில் எதைத் தேடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கோடை விடுமுறையில் தேங்கிய தண்ணீரை வடித்து, சம்பைத் தேய்த்துக் கழுவி, ஜூன் மாதம் கேட் திறப்பதற்குள் தொட்டியின் வயிற்றில் பெயிண்டால் தேதி எழுதிவிட்டால், அந்த நோட்டின் முதல் பக்கம் நிறைந்துவிடும்.