பல் கிளீனிங் போறீங்களா? ஸ்டார் ரேட்டிங்கை விட்டுட்டு சலைன் பாட்டிலைப் பாருங்க!

மேலூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஒரு ரவுண்டு நடந்தா, பல் கிளினிக் போர்டு கண்ணுல படாம இருக்காது. பல்லுல காரை படிஞ்சிருக்கு, சுத்தம் பண்ணணும்னு முடிவு பண்ணதும் நாம செய்யற முதல் வேலை, போனை எடுத்து ஸ்டார் ரேட்டிங் பார்க்கறது. அந்த ரேட்டிங் எதைச் சொல்லும்? ஏசி நல்லா இருந்துச்சு, ரிசப்ஷன்ல சிரிச்சுப் பேசினாங்க, அவ்வளவுதான். வாய்க்குள்ள கையை விடப்போறவர் யாருன்னு சொல்லாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, காரணம் வாணியம்பாடி.

2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில திருப்பத்தூர் மற்றும் சுற்று மாவட்டங்கள்ல 21 பேருக்கு மூளையைத் தாக்குற ஒரு தொற்று வந்தது. பேர், நியூரோமெலியாய்டோசிஸ். காய்ச்சல், தலைவலின்னு ஆரம்பிச்சு, முகம் கோணி, பேச்சு குழறும். மண்ணுலயும் தண்ணியிலயும் வாழற ஒரு பாக்டீரியாதான் காரணம். இந்த 21 பேர்ல 10 பேர் வாணியம்பாடியில ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்தவங்க. அந்த 10 பேர்ல 8 பேர் இறந்துட்டாங்க. கிளினிக்குக்குப் போகாத மற்ற 11 பேர்ல இறந்தது ஒருத்தர்தான்.

வேலூர் சி.எம்.சி, ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழக பொது சுகாதாரத்துறை ஆய்வாளர்கள் இதை விசாரிச்சாங்க. 2025 மே மாசம் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழ்ல வந்த அந்த ஆய்வு சொல்ற விஷயம் ரொம்ப சாதாரணமானது. அதனாலதான் பயமா இருக்கு. ஈறை விலக்கற கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்திருக்காங்க. மிச்சத்தைப் பஞ்சு வெச்சு லேசா மூடி, அடுத்த நோயாளிக்கும் அதையே ஊத்தியிருக்காங்க. பயன்பாட்டுல இருந்த சலைன்லயே கிருமியோட தடயம் கிடைச்சது. பெரிய மெஷின் எதுவும் பழுதாகலை. ஒரு பாட்டில், ஒரு பஞ்சு!

சரி, உங்க பல்லை சுத்தம் பண்ண யாருக்குத் தகுதி இருக்கு? பல் மருத்துவர்னா பி.டி.எஸ் படிச்சு, மாநிலப் பல் மருத்துவ கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும். இன்னொருத்தர் டென்டல் ஹைஜீனிஸ்ட். இப்படி ஒரு வேலை இருக்கறதே நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. 1948-ம் ஆண்டு பல் மருத்துவர்கள் சட்டத்துலயே இவங்களுக்கு வரையறை இருக்கு. காரை எடுக்கலாம், சுத்தம் பண்ணலாம், பாலிஷ் போடலாம், பல் பராமரிப்பு சொல்லித் தரலாம். அதுக்கு இரண்டு வருஷ டிப்ளமோ, தனிப் பதிவேடு எல்லாம் உண்டு. பல் பிடுங்கறதோ வேர் சிகிச்சையோ இவங்க வேலை இல்லை. பல் செட் செஞ்சு தர்ற டென்டல் மெக்கானிக் வேற ஆளு. அவருக்கு லேப்லதான் வேலை, உங்க வாய்க்குள்ள இல்ல.

பிரச்னை எங்கன்னா, சின்ன ஊர் கிளினிக்ல ஹைஜீனிஸ்டைப் பார்க்கறதே அபூர்வம். டாக்டர் வேற நோயாளியைப் பார்க்கும்போது, கூடமாட ஒத்தாசைக்கு இருக்கற தம்பியோ தங்கச்சியோ மெஷினைக் கையில எடுத்தா, அங்கதான் நீங்க வாயைத் திறந்து கேட்கணும். (நாக்கை அமுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க!) ‘ஸ்கேலிங் நீங்க பண்றீங்களா, டாக்டர் பண்றாரா? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?’ இதுல மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. டாக்டரோட பதிவு எண்ணை கிளினிக்லயும், மருந்துச் சீட்டு, பில்லுலயும் போடணும்னு பல் மருத்துவ கவுன்சில் விதியே இருக்கு. எண் கண்ணுல படலையா? கேளுங்க.

ஆனா பட்டம் மட்டும் பார்த்தா போதாதுங்கறதுதான் வாணியம்பாடி கதை. கருவிகள் சீல் பண்ண பவுச்ல இருந்து உங்க கண் முன்னாடி பிரிபடணும். ஆட்டோகிளேவ்ல போய் வந்த பவுச்சா இருந்தா அதுல இருக்கற குறி நிறம் மாறியிருக்கும். வெந்நீர்ல போட்டு எடுத்தோம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. சில கிருமிகளோட வித்துகள் கொதிநீருக்கு அசராது. கிளவுஸ் போட்ட கையால போனை எடுத்துப் பேசிட்டு, அதே கையோட உங்க வாய்க்கு வந்தாலும் நிறுத்துங்க.

‘சுத்தம் பண்ணா பல் ஆடும்’னு அம்மாச்சி சொல்றதைக் கேட்டு தள்ளிப்போடவும் வேணாம். ஆட்டத்துக்குக் காரணம், காரை ஏற்கெனவே ஈறை அரிச்சதுதான். அதை எடுத்ததும் இடைவெளி கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவே.

கேள்வி கேட்டதுக்கு முகம் சுளிக்கறாங்களா? எழுந்து வந்துடுங்க. மதுரைக்கு பஸ் இருக்கு. அரசு ராஜாஜி மருத்துவமனையில பல் பிரிவு இருக்கு. மதுரையில தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. அங்க மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில பண்ணுவாங்க. நேரம் ஆகும், காலையிலயே கிளம்பிடுங்க.