மலைக்காட்டு உழவருக்கு எந்தச் செயற்கைக்கோள் கருவி?

கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் பயிரிடும் உழவர் ஒருவர் அண்மையில் என்னிடம் யோசனை கேட்டார். அவருடைய காடு பள்ளத்தில் இருக்கிறது. கைப்பேசிக்கு டவர் கிடைக்காது. காட்டுப்பன்றிக்காக இரவுக் காவல் இருக்கையில் பாம்பு தீண்டினால், ஆளைக் கூப்பிடவே மேட்டுப் பாறைக்கு ஏற வேண்டும். பாம்பு தீண்டியவர் நடக்கக் கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லி வருபவர்கள் நாங்கள்தான்! "வெளிநாட்டிலிருக்கும் மகன், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வாங்கித் தருகிறேன் என்கிறான். எது நல்லதுங்க ஐயா?" என்றார்.

எதுவும் வேண்டாம் என்றேன். கருவியில் குறையில்லை. ஆனால் இரிடியம் செயற்கைக்கோள்களைக் கொண்டு இயங்கும் கார்மின் இன்ரீச் போன்றவற்றை, தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி நம் நாட்டில் வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் இதனால் பிடிபட்டனர். அனுமதி பெற்று பி.எஸ்.என்.எல். மூலம் வாங்கக்கூடிய இன்மார்சாட் தொலைபேசியோ சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.

நாளை சட்டம் தளர்ந்தாலும், விலையை அப்புறம் கேளுங்கள். செய்தி போவது ஒரு வழியா, இரு வழியா என்று முதலில் கேளுங்கள். மீனவர்களுக்காக 2019-இல் வந்த ஜெமினி கருவி புயல் எச்சரிக்கையை வாங்கித் தரும். அதைக் கொண்டு உதவி கேட்க முடியாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில், 364 கோடி ரூபாய் செலவில் 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாகத் தரப்படும் டிரான்ஸ்பாண்டர் இரு வழியிலும் செய்தி கடத்தும். 2017 ஒக்கிப் புயலில் பட்ட பாட்டிற்குப் பிறகு மீனவருக்குத் தேவைப்பட்டது இதுவே.

கடலில் வானத்திற்கு மறைப்பில்லை. மலைப் பள்ளத்திலும், அடர்ந்த மரத்தடியிலும், வீட்டுக்குள்ளும் செயற்கைக்கோள் சிக்னல் தடைப்படும். ஆகவே உங்கள் காட்டில், உங்கள் காவல் பரணருகே சோதித்துக் காட்டாத எந்தக் கருவிக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

கடலுக்குத் தந்ததை மலைக்கும் தரவேண்டும் என்பது என் கருத்து. டவர் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி வசதி தர 2022-இல் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் ஊருக்கு டவர் வந்தாலும் மலை முகட்டிற்குப் பின்னால் உள்ள காட்டிற்கு அது எட்டாமல் போகலாம். பரணுக்குப் பரண் கருவி கேட்கவில்லை. குக்கிராமத்திற்கு ஒன்று, காவலுக்குப் போகிறவர் கையோடு எடுத்துச் செல்லும்படி இருந்தால் போதும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே எழுதிக் கொடுக்கலாம்.

அதுவரை, உங்கள் கம்பெனியின் டவர் இல்லாத இடத்திலும் 112-க்கு அழைத்துப் பாருங்கள். வேறு கம்பெனியின் சிக்னல் இருந்தால் அழைப்பு போய்விடும். தனியாகக் காவலுக்குப் போகாதீர்கள். ஒருவர் பாறைக்கு ஓடினால்தான் மற்றவர் படுத்திருக்க முடியும்.

மகனுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று கேட்டார் அந்த உழவர். அந்தப் பணத்தில் நல்ல டார்ச் விளக்கும் முழங்கால் வரை வரும் இரண்டு ஜோடி பூட்சும் வாங்கித் தரச் சொன்னேன்.