இருமலைக் கேட்டே நோயைச் சொல்லுமா செல்போன்?

கொரோனா காலத்தில் தொழுகை வரிசையில் ஒருவர் இருமினால் மற்றவர்களின் முகம் மாறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த இருமலைச் செல்போனில் பதிவு செய்தாலே தொற்று இருக்கிறதா எனக் கணினி சொல்லிவிடும் என்று 2020ல் செய்தி வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு, பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களில் 98.5 சதவீதம் பேரை இருமலை வைத்தே கண்டறிந்ததாம்.

இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது பிரிட்டன். ஆலன் டூரிங் நிறுவனமும் அந்நாட்டுச் சுகாதாரப் பாதுகாப்பு முகமையும் 67,842 பேரின் ஒலிப்பதிவுகளை அவர்களின் பரிசோதனை முடிவுகளோடு திரட்டின. தொற்றுள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் எதிரே வைத்தால், 100ல் சுமார் 85 முறை கணினி சரியாகப் பிரித்தது. அபாரம்தான். ஆனால் அந்த ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. வயது, பாலினம், அறிகுறிகள் ஆகியவற்றில் ஒத்திருப்பவர்களை மட்டும் ஜோடி சேர்த்து மறுபடி சோதித்தார்கள். 85 என்பது 62 ஆகச் சரிந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வருமே!

காரணம் எளிது. தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோர் உடல்நலமில்லாமல் பரிசோதனைக்கு வந்தவர்கள். தொற்றில்லாதவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆகவே கணினி கற்றுக்கொண்டது கொரோனாவின் ஒலியை அல்ல, நலமில்லாதவரின் ஒலியை. "காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா" என்று வாயால் கேட்டிருந்தாலே அந்த அளவுக்குத் தெரிந்திருக்கும். 2024ல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் முடிவும் இதுதான்.

இப்போது இதே நுட்பம் காசநோயின் பக்கம் திரும்பியிருக்கிறது. கூகுள் சுமார் 10 கோடி இருமல் ஒலிகளைக் கொண்டு 'ஹியர்' என்ற மாதிரியைப் பயிற்றுவித்திருக்கிறது. ஹைதராபாத்தின் சால்சிட் நிறுவனம் தனது 'ஸ்வாசா' செயலிக்கு அதைப் பயன்படுத்த முனைந்துள்ளது. உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர். எக்ஸ்ரே இல்லாத கிராமத்தில், யாரை முதலில் பரிசோதனைக்கு அனுப்புவது என்று சுகாதாரப் பணியாளருக்குச் சொல்லும் கருவியாக இது வந்தால் வரவேற்கலாம்.

என் அச்சமெல்லாம் அது "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போதுதான். வீட்டில் பெரியவர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், இருமலை மாதக்கணக்கில் மறைப்பவர்கள். செயலி சொன்ன அந்த ஒரு வார்த்தை அவர்களுக்குப் போதும். மருத்துவமனைப் பக்கமே போக மாட்டார்கள். காசநோய்க் கிருமி இருக்கிறதா, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதைச் சளிப் பரிசோதனைதான் சொல்லும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனை இலவசம். நோய் உறுதியானால் மருந்தும் இலவசம்.