மேற்கில் கூடும் எண்ணிக்கையும் மீனாட்சிபுரத்தின் கேள்வியும்

அமெரிக்காவில் இத்தனை பேர் இஸ்லாத்தைத் தழுவினர், ஐரோப்பாவில் இன்ன பிரபலம் கலிமா சொன்னார் என்ற செய்தி வந்தால் நம் சமுதாயத்தில் உற்சாகம் பொங்குகிறது. ஒருவர் நேர்வழி பெறுவதைக் கண்டு மகிழ்வது ஈமானின் அடையாளம். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் மகிழ்ச்சி வேறு, பெருமையடிப்பது வேறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பியூ ஆய்வு மையம் 2018இல் வெளியிட்ட தகவலின்படி, அமெரிக்க முஸ்லிம்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்கள். அதே நேரம், அங்கே முஸ்லிமாக வளர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இன்று தம்மை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதில்லை. வருகிறவர்களும் போகிறவர்களும் ஏறக்குறைய சமம். 2010 முதல் 2020 வரை உலக முஸ்லிம்களின் எண்ணிக்கை சுமார் 34.7 கோடி கூடியதற்கும் பெரும் காரணம் பிறப்புகளே, மதமாற்றம் அல்ல என்கிறது அதே மையத்தின் 2025 அறிக்கை.

சரி, எண்ணிக்கை போகட்டும். மேற்கு நாட்டவர் வந்தால் மட்டும் ஏன் இத்தனை கொண்டாட்டம்? வெள்ளைக்காரர் சான்றிதழ் கொடுத்தால்தான் சத்தியம் சத்தியமாகுமா?

நம் தமிழகத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1981 பிப்ரவரி 19 அன்று, தென்காசி அருகே மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. நாடே அதிர்ந்தது. வளைகுடாப் பணம் என்றார்கள். அந்த மக்களோ சாதி இழிவிலிருந்து விடுபட்டு மரியாதையாக வாழ வந்ததாகச் சொன்னார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதல்ல. இஸ்லாத்தை ஏற்கும் தலித், 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். 18 சதவீத ஒதுக்கீடும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதத்திலாவது இடம் உண்டா என்பதும் நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பிலிருந்து இஸ்லாத்துக்கு வந்த ஒருவர் அதைக் கேட்டபோது 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை மறுத்தது. 2024 மார்ச்சில்தான் இப்படி வருவோரைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருத தமிழக அரசு ஆணையிட்டது.

அரசு மறுத்தது இருக்கட்டும். நம் மஹல்லாக்கள் என்ன கொடுத்தன? பல ஊர்களில் இரண்டு தலைமுறை கடந்தும் அவர்கள் 'நவ முஸ்லிம்'தான். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். சம்பந்தம் பேசும்போது மட்டும் பூர்வீகம் விசாரிக்கிறோம். சமத்துவத்தைத் தேடி வந்தவருக்கு இதைவிட ஏமாற்றம் வேறென்ன?

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் எதற்காக இறங்கியது? குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்தார். செல்வாக்குள்ளவர்களை முன்னிட்டு, தேடி வந்த எளியவரிடமிருந்து முகம் திருப்பியதை அல்லாஹ் கண்டித்தான். பிரபலங்களின் பட்டியலைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருப்பவரை மறக்கும் சமுதாயத்துக்கு இதில் பாடமில்லையா?

மக்கள் கூட்டங்கூட்டமாக மார்க்கத்தில் நுழைவதைப் பேசும் 110ஆம் அத்தியாயமும், அந்த வேளையில் இறைவனைத் துதித்துப் பாவமன்னிப்புத் தேடும்படியே ஏவுகிறது. பெருமை கொள்ளச் சொல்லவில்லை.

எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். புதிதாக வந்தவருக்குப் பெயர் மாற்ற, சாதிச் சான்றிதழ் பெற யார் உடன் போகிறார்கள்? உள்ளங்கள் இணக்கமாக்கப்பட வேண்டியவர்களுக்கு ஸகாத்தில் திருக்குர்ஆன் (9:60) வைத்த பங்கு நம் பைத்துல்மாலில் எங்கே? நிர்வாகக் குழுவில் அவர்களில் ஒருவராவது உண்டா? அவர் வீட்டில் பெண் எடுக்க, பெண் கொடுக்க நாம் தயாரா?

இவற்றுக்குப் பதில் சொல்ல முடிந்தால் அதுவே பெரிய அழைப்புப் பணி. அதற்கான மனதை வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வானாக!