கையூருக்கும் ஒரு பயணம்

விடுமுறை வந்தால் நம் தோழர்களும் ஊட்டி, மூணாறு என்று குடும்பத்துடன் புறப்படுகின்றனர். அதில் பிழையில்லை, ஓய்வு உழைப்பவரின் உரிமை. ஆனால் காசர்கோடு மாவட்டத்தின் பேக்கல் கோட்டையைக் கண்டு களித்துத் திரும்புவோரில் எத்தனை பேர் அதே மாவட்டத்திலுள்ள கையூரை எட்டிப் பார்க்கின்றனர்?

அன்று அது சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்துச் சிற்றூர். ஜென்மிகளின் கொடுமைக்கு எதிராக விவசாயிகள் திரண்டனர். 1941 மார்ச்சில், அவர்களது ஊர்வலத்தின் நடுவே சிக்கிய காவலர் ஒருவர் ஆற்றில் குதித்து மூழ்கினார். அதன்பேரில் அப்பு, சிருகண்டன், குஞ்ஞம்பு, அபூபக்கர் ஆகிய நால்வரையும் 1943 மார்ச் 29 அன்று கண்ணூர்ச் சிறையில் தூக்கிலிட்டது வெள்ளையர் அரசு. இதையே கருவாக்கிக் கன்னடத்தில் நிரஞ்சனா படைத்த நாவல்தான், நம்மில் பலர் இளமையில் படித்த ‘நினைவுகள் அழிவதில்லை’.

படித்தோம்; போனோமா? மொழிபெயர்ப்பு கதையைக் கொண்டுவந்து சேர்க்கும், தேஜஸ்வினி ஆற்றின் அகலத்தைக் கொண்டுவராது. இதை மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் சொல்கிறேன்.

அரசர் கட்டிய கோட்டைக்கு விளம்பரம் செய்ய ஆளுண்டு. குத்தகை விவசாயி உயிர் கொடுத்த ஊருக்கு நாம்தான் வழிகாட்ட வேண்டும். கிளைகள் ஆண்டுக்கொரு பயணத்தை இப்படித் திட்டமிடலாம். செருவத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் கையூர் தொலைவில்லை. பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.