அட்டைக்குக் கெட்ட ரத்தம் தெரியாது

வில்பட்டியில் மழை பிடித்துவிட்டால், பூண்டுக் காட்டு வரப்பில் நடக்கிற காலை அட்டை விடாது. புல் நுனியில் வாலை ஊன்றி, நூல் துண்டு போல எழுந்து நின்று, ஆள் வரும் பக்கமாகத் துழாவும். கடித்தது தெரியாது. கணுக்காலில் ரத்தம் வழிந்து செருப்பு வழுக்கும்போதுதான் குனிந்து பார்ப்போம். பக்கத்துப் பாத்தியிலிருந்து உடனே ஒரு குரல் வரும்: "விடுங்க, கெட்ட ரத்தந்தான போகுது."

என் பெரியப்பா இதை அப்படியே நம்பினார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அட்டை கடித்த அன்றைக்கு, "அதான் அட்டையே மருந்து போட்டுருச்சேடா" என்று மாத்திரையை விட்டுவிட்டார். அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் 'கெட்ட ரத்தம்'. உடம்பில் அப்படித் தனியாக ஒதுங்கிக் கிடப்பது எதுவும் இல்லை. இருக்கிற ரத்தம் முழுவதும் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு தடவை சுற்றி வந்துவிடுகிறது. கழிவைப் பிரிப்பது சிறுநீரகமும் ஈரலும். கருஞ்சிவப்பாகத் தெரிவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். நுரையீரலுக்குப் போனால் மறுபடி பளிச்சென்று சிவக்கும். அட்டையும் ரத்தம் பார்த்துக் கடிப்பதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் காலிலும் மாட்டின் காலிலும் அட்டை ஏறத்தானே செய்கிறது?

கெட்டது என்பதால்தான் நிற்காமல் ஓடுகிறது என்பார்கள். காரணம் அட்டையின் எச்சில். காயத்தில் ரத்தம் உறைய வேண்டுமானால், திராம்பின் என்ற நொதி, கரைந்திருக்கும் புரதத்தை ஃபைப்ரின் நூலாக்கி வலை பின்ன வேண்டும். அட்டையின் எச்சில் அந்தத் திராம்பினையே பூட்டிவிடுகிறது. நீரில் வாழும் மருத்துவ அட்டையில் இந்தக் குணத்தை 1884-இல் ஜான் ஹேகிராஃப்ட் கண்டார். அந்தப் பொருளுக்குப் பின்னால் ஹிருடின் என்று பெயர் வந்தது. அது 65 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். சோலைக்காட்டில் நம்மேல் ஏறுவதோ நில அட்டை. அந்த ஹீமாடிப்சா வகையைச் சேர்ந்த இந்திய அட்டை ஒன்றிலிருந்து 1993-இல் பிரித்தெடுத்து விவரிக்கப்பட்ட ஹீமாடினில் 57 அமினோ அமிலங்களே உண்டு. ஆனால் அதுவும் பூட்டுவது திராம்பினைத்தான். அட்டை விழுந்த பிறகும் கசிவு நிற்காதது இந்த எச்சில் கடிவாயில் தங்கிவிடுவதால். வழிவது உங்கள் நல்ல ரத்தம்.

"சித்த மருத்துவத்தில் அட்டை விடல் இல்லையா? அமெரிக்காவில்கூட 2004-இல் அனுமதித்தார்களே?" இரண்டும் உண்மை. 1985-இல் பாஸ்டனில் ஐந்து வயதுப் பையனின் அறுந்த காதை ஒட்டவைத்தபோது அட்டைதான் கைகொடுத்தது. ஒட்டிய உறுப்புக்குள் ரத்தம் போகிறது, திரும்பி வரச் சிரை இன்னும் வளரவில்லை. தேங்குவதை வடிக்க அட்டை. ஆஸ்பத்திரி அட்டை அதற்கென்றே வளர்த்தது, ஒரு நோயாளிக்கு மேல் பயன்படுத்துவதில்லை. அதன் குடலில் ஏரோமோனாஸ் பாக்டீரியா இருப்பதால் ஆன்டிபயாடிக்கும் சேர்த்தே தருகிறார்கள். வரப்பு அட்டைக்கு இதெல்லாம் யார் பார்ப்பது?

பெரியப்பாவின் கணக்குக்கு வருகிறேன். ஹிருடினைப் பார்த்துச் செய்த பைவலிருடின், ஆஞ்சியோபிளாஸ்டியின்போது அளந்து சிரையில் ஏற்றும் மருந்து. அட்டை விடும் துளி கடித்த இடத்தோடு சரி. இதயக் குழாயைக் காக்காது. ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கசிவு நீளும். அவர் கால் சாயங்காலம் வரை கசிந்தது. மாத்திரையும் உள்ளே போகவில்லை, ரத்தமும் வெளியே போனது.

உப்பு வைப்பதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம். வைத்தால், அட்டை குடித்ததைக் கடிவாயிலேயே கக்கும். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, மெலிந்த வாய்முனையைத் தள்ளினால் வந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்த வேண்டும்.

போன வாரம் பெரியப்பா காலில் மறுபடி ஒன்று ஏறியது. நகத்தால் தள்ளிவிட்டு, துண்டை மடித்து அழுத்தியபடி வரப்பில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் துண்டை எடுக்க நான் விடவில்லை.