மலை மரத்தைப் பெயர்க்காதீர்கள்

லடாக்கில் ஹெமிஸ் ஷுக்பாசன் என்றொரு கிராமம். 'ஷுக்பா' என்றால் ஜூனிபர். மடாலயங்களில் தூபமாகப் புகையும் இம்மரத்தின் தோப்பை ஊரே புனிதமாகக் காக்கிறது. காரணம் இருக்கிறது. விதை எளிதில் முளைக்காது. வளர்ச்சியோ ஆமை வேகம்.

காற்றில் முறுகிய அடிமரத்தைக் கண்டால் போன்சாய் பிரியர்களுக்குக் கை துறுதுறுக்கும். பெயர்த்துவிடாதீர்கள். வேர் அறுந்த ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாக நின்று ஏமாற்றும்.

சிம்லா போன்ற குளிர்ந்த ஊர்களில் இருப்பவர்களுக்கு இமயமலையின் இன்னொரு ஜூனிபரான ஸ்குவாமாட்டா தோதானது. குச்சி நட்டாலே வேர் விடும். சின்ன இலை, இளங்கிளை கம்பிக்கு வளைந்து கொடுக்கும். மணலும் சரளையும் கலந்த, நீர் தேங்காத மண்ணில் வைத்து, வெயில் படும் திறந்தவெளியில் வளருங்கள். வரவேற்பறை ஆகாது. கத்தரிக்கும்போது ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் பச்சை இருக்கட்டும். மொட்டைக் கட்டையில் மறுபடி துளிர்ப்பது அரிது.

சென்னை, மும்பைவாசிகள் ஆசைப்பட வேண்டாம். இந்த மலை மரங்களுக்குக் குளிர்கால ஓய்வு தேவை. உங்கள் மாடிச் சுவர் இடுக்கில் தானாக முளைத்திருக்கிறதே அரசங்கன்று, அதைத் தொட்டிக்கு மாற்றுங்கள். சுவரும் பிழைக்கும்.